பெத்தணன் போஸ்டர்

திருத்தங்கல் வட்டார அலங்கார அச்சு முன்னேற்ற மன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் உறுப்பினர்களைவிட நிர்வாகிகள் அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தலைவர், கௌரவத் தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர்கள், இணைத் துணைத் தலைவர்கள், முன்னாள் தலைவர், அடுத்து முன்னாள் ஆகப்போகிற தலைவர் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். வரிசையின் கடைசியில் வெறும் உறுப்பினர் என்று பாவம் ஒருத்தர் இருந்தார். போன சீசனில் அவரையும் 'வெறும் உறுப்பினர்கள் அணி'க்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றுதான்.

அதன் முன்னால் உட்கார்ந்து டிசைன் போட்டு, பக்கத்திலிருக்கும் பிரிண்டரில் எடுக்கிறவன் முனியராஜ். மன்றத்துக்கு அவன்தான் ஒரே சம்பளக்காரன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர் அட்டை, காதுகுத்து நோட்டீஸ் எல்லாம் அவன் கையால்தான். கை வேகமான கை. சாதா எழுத்து என்றால் கம்ப்யூட்டரும் அந்தக் கைக்கு ஈடுகொடுத்து ஓடும். ஆனால் எழுத்துக்கு நிழல் வைத்து, தங்க விளிம்பு கட்டி, பின்னால் ஒளிவட்டம் போட்டால் போதும், சினைமாடு மேடேறுகிற கதைதான். ஒரு பெயரை நெல்மணி அளவு நகர்த்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் முனியராஜ் மாடியிலிருந்து இறங்கிப்போய் டீ குடித்து, டீக்கடையில் நடக்கிற சண்டையை விலக்கிவிட்டு, சண்டை போட்டவர்கள் ராசியாகி இன்னொரு டீ வாங்கித் தந்தால் அதையும் குடித்துவிட்டு மேலே வரலாம். வந்து பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அலங்காரம் இல்லாமல் போட்டால் என்ன என்று கேட்கக் கூடாது. மன்றத்தின் விதி அப்படி. மன்றத்தின் பேரில் வெளிவரும் எந்தக் காகிதத்திலும் நிர்வாகிகள் பெயர் அலங்காரமின்றி வரலாகாது. தலைவர் மணிகண்டராஜ் பெயருக்குத் தங்கம், ஒளிவட்டம், அதற்கும் பின்னால் தீ ஜுவாலை. செயல் தலைவருக்குத் தீ கிடையாது, ஒளிவட்டம் உண்டு. துணைத் தலைவர்களுக்குத் தங்கமும் நிழலும். இணைத் துணைகளுக்கு நிழல் மட்டும். வெறும் உறுப்பினர்கள் அணிச் செயலாளருக்கு ஒரு மெல்லிய விளிம்பு. அந்த விளிம்பை வாங்குவதற்கே அவர் இரண்டு பொதுக்குழுவில் உண்ணாவிரதம் இருந்தார்.

ஆடி பிறந்து, தீபாவளி ஆர்டர்கள் குவிய ஆரம்பித்த நேரத்தில் பெத்தணன் செத்துப்போனார்.

முனியராஜின் அக்கா ராமுத்தாயின் வீட்டுக்காரர். சாத்தூர்ப் பக்கத்து ஊர். கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு லோடு ஆட்டோவும் வைத்துக் காலம் தள்ளியவர். காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

முனியராஜ் போய்ச் சேர்ந்தபோது ராமுத்தாய் அழுது முடித்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏலே முனியா, சுத்துப்பட்டியில எவன் செத்தாலும் போஸ்டர் கட்டை உங்கத்தான்தானே வண்டியில ஏத்திக்கிட்டு வருவாரு? இன்னிக்கு அவரு படுத்துக் கெடக்காரு. ஒரு செவுத்துலயாச்சும் அவரு மூஞ்சி இருக்கா பாரு. நீ அந்த வேலையில இருந்து என்ன புண்ணியம்?"

"அடிச்சிருவோம்க்கா. தூக்குறதுக்குள்ள வந்துரும்" என்றான் முனியராஜ்.

மன்றத்தில் அதற்கென்று ஒரு நலத்திட்டமே இருந்தது. ஊழியர் குடும்பத்தில் துக்கம் விழுந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இலவசம். திட்டம் தொடங்கியதிலிருந்து யாரும் சாகாததால் அது கையிருப்பிலேயே இருந்தது. தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"அய்யய்யோ" என்றார் மணிகண்டராஜ். அடுத்த மூச்சிலேயே கேட்டார். "நம்ம திட்டத்துல மொத போஸ்டர். எம்பேரு மேலதானே வரும்?"

"மேல அத்தான் படம் வரும் தலைவரே."

"அது சரி. அதுக்கும் மேல?"

போஸ்டரில் பெத்தணன் படம், பெத்தணன் பெயர், அப்புறம் 'கண்ணீருடன்' என்று போட்டு நிர்வாகிகள் அத்தனை பேரும். ஒவ்வொருத்தருக்கும் அவரவர் தகுதிக்கேற்ற ஜொலிப்பு. துக்கமும் தகுதி வாரியாகத்தான். முனியராஜ் மன்றத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். அத்தான் படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் தலைவர் பெயரைப் போட்டான், தீ வைத்தான். வட்டம் சுற்றியது. செயல் தலைவர் பெயரைப் போட்டான். வட்டம் சுற்றியது. துணைத் தலைவர்களில் பாதியைத் தாண்டும்போது ஊரிலிருந்து போன் வந்தது. தூக்கியாகிவிட்டது.

ஊரார் சாவுக்கெல்லாம் போஸ்டர் கொண்டுபோன பெத்தணன், தன் போஸ்டர் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

"சரி விடு. கருமாதிக்கு அடிச்சிரு" என்றாள் ராமுத்தாய்.

முனியராஜ் 'கண்ணீர் அஞ்சலி'யை எடுத்துவிட்டுப் 'பதினாறாம் நாள் காரியம்' என்று மாற்றினான். மாற்றியதற்கு ஒரு பொழுது வட்டம் சுற்றியது. பொறுக்க மாட்டாமல், சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். ஹர்ஷினி என்று ஒரு பெண் பேசினாள்.

"எழுத்துக்கு நிறைய எஃபெக்ட் வச்சிருக்கீங்களா சார்?"

"வச்சிருக்கேம்மா. தீயெல்லாம் இருக்கு."

"அதான் சார். நீங்க தொடும்போதெல்லாம் அது மொத்தத்தையும் மறுபடி வரைஞ்சு பாக்குது. வியூவுல போயி வயர்ஃப்ரேம் போட்டுக்கங்க. எழுத்து வெறும் கோடாத் தெரியும். வேலையை முடிச்சிட்டு மாத்திக்கிடலாம். அச்சுல எல்லாம் பழையபடி வந்துரும்."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் சார். அஞ்சுக்கு எத்தனை மார்க் தருவீங்க?"

முனியராஜ் அஞ்சும் தந்தான். போனை வைத்துவிட்டு அவள் சொன்னபடி செய்தான். திரையில் தங்கம் போயிற்று, ஒளிவட்டம் போயிற்று, தீ போயிற்று. பெயர்களெல்லாம் மெல்லிசுக் கோடுகளாக, கழுகு தின்று போட்ட எலும்பு மாதிரி நின்றன. கம்ப்யூட்டர் ஓடியது. விரல் போகிற இடத்துக்கு எழுத்தும் கூடவே போவதை ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்தான். உட்கார்ந்தவாக்கில் துணைத் தலைவர்களை முடித்து இணைத் துணைகளில் இறங்கியபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். பொருளாளர் இசக்கிப்பாண்டி.

"என்னலே இது?"

"அத்தான் போஸ்டர் அண்ணாச்சி."

"அதைக் கேக்கல. இது யாரு பேரு?"

"தலைவர் பேரு."

"தலைவரை எலும்புக்கூடா ஆக்கி வச்சிருக்க. அதுவும் எளவு போஸ்டர்ல!"

"அச்சுல சரியா வந்துரும் அண்ணாச்சி. திரையில மட்டுந்தான் இப்படி."

"திரையில மட்டும்னா? தலைவர் அவரு வீட்டுக்குள்ள மட்டும் வேட்டி இல்லாம நிக்கலாமா?"

முனியராஜ் யோசித்தான். "நிக்கலாம்ல அண்ணாச்சி?"

இசக்கிப்பாண்டியும் யோசித்தார். நியாயமான மனுசர். "நிக்கலாம். ஆனா அதை நீ பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, செல்போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனார்.

அவசரப் பொதுக்குழு கூடியது. அதாவது கூடுவதென்று முடிவாயிற்று. கூடுவதற்கு அழைப்பிதழ் வேண்டும், அழைப்பிதழில் நிர்வாகிகள் பெயர் வேண்டும், பெயர்களுக்கு அலங்காரம் வேண்டும். 'அலங்கார அவமதிப்பு செய்த ஊழியர் முனியராஜைக் கண்டித்து' என்ற தலைப்பை முனியராஜே போட்டு, தன் பெயரை மட்டும் சாதா எழுத்தில் வைத்தான். விதிப்படி அதுதான் சரி. பழைய முறையில், வட்டம் சுற்றச் சுற்ற அந்த அழைப்பிதழை அவன் முடித்தபோது கருமாதி முடிந்திருந்தது.

பொதுக்குழுவில் மணிகண்டராஜ் பேசினார்.

"எனக்குப் பெயர் முக்கியமில்லை. நான் பெயருக்காக வாழ்கிறவன் இல்லை என்பதை என் பெயர் போட்ட எல்லா போஸ்டரிலும் அச்சடித்திருக்கிறேன். ஆனால் என் பெயருக்குப் பின்னால் எரிகிற தீ இருக்கிறதே, அது என் தீ இல்லை. மன்றத்தின் தீ. அதை ஒருவன் அணைத்திருக்கிறான். என்னைப் பெற்ற தகப்பன் செத்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. அன்றைக்கு என் பெயர் பளிச்சென்று இருந்தது."

கைதட்டினார்கள். முனியராஜும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

வெளியில் இருந்த நியாயவான்கள் சிலர், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியதால்தானே இவன் இப்படிச் செய்தான், அது ஏன் என்று பார்க்க வேண்டாமா என்றார்கள். பார்க்க விசாரணைக் குழு போட்டார்கள். தலைமை சண்முகவேல். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், தலைவர் பெயருக்குப் பின்னால் தீ இருக்கிறது. அந்தச் சம்பந்தம்தான். விசாரணை முடியும்வரை முனியராஜ் வீட்டு அலங்கார அச்சு வேலை எதையும் மன்றத்துப் பிரிண்டரோ உறுப்பினர் அச்சகங்களோ தொடக் கூடாது என்று சுற்றறிக்கையும் போயிற்று. அதையும் முனியராஜ்தான் டிசைன் செய்தான்.

பக்கத்துத் தெருவில் பிரஸ் வைத்திருந்த ஜாபர் சாதிக்கிடம் போய் நின்றான். பழகின மனுசர்.

"மன்றத்து காலண்டர் ஆர்டரை நம்பித்தான் நம்ம மிஷின் ஓடுது, உங்களுக்கே தெரியும்" என்றார் ஜாபர் சாதிக். சுற்றும்முற்றும் பார்த்தார். "ஒண்ணு செய்றேன். சாதா எழுத்துல சத்தமில்லாம அடிச்சுத் தாரேன். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"ஒருத்தருக்கும் தெரியாம போஸ்டரை எப்படி பாய் ஒட்டுறது?"

ஜாபர் சாதிக் அதை நினைத்துப் பார்க்கவில்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

சாத்தூரில் மன்றத்துக்குச் சம்பந்தமில்லாத பிரஸ் இருக்கிறது, அங்கே அடித்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டான்.

"வேண்டாம். கூடப்பொறந்தவன் அந்த வேலையில இருக்கான், வெளியில காசு குடுத்து அடிச்சிருக்கா பாருன்னு எங்க நாத்தனா ஊரெல்லாம் சொல்லுவா. நீயே அடி. எப்ப வருதோ வரட்டும்" என்றாள் ராமுத்தாய்.

விசாரணைக் குழு வந்தது. குழு வருவதற்கு முன் 'வருக வருக' பேனர் வந்தாக வேண்டும். குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நிர்வாகிகள். ஆகவே பேனர் டிசைன் முடிகிறவரை குழு தெருவில் காத்திருந்தது. சண்முகவேல் ஏறி வந்து திரையைக் குனிந்து பார்த்தார். தலைவர் பெயருக்குப் பின்னால் ஜுவாலை எழும்பி நின்றது.

"இது?"

"தீ எஃபெக்ட் சார்."

"கட்டுப்பாட்டுல இருக்கா?"

"படம் சார் அது."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றது." அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். "தீ, தங்கம், ஒளி மூணையும் ஒரே ரூம்ல வச்சிருக்கீங்க. மண் வாளி எங்க?"

மறுநாளே கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் மண் வாளி வந்தது. அதோடு நின்றால் பரவாயில்லை. குழுவில் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேனாக இருந்த ஒருவர் உண்டு. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதன்படி முனியராஜ் செருப்பில்லாமல்தான் உட்கார வேண்டும், இரும்புச் சாமான் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது, மௌசைத் தொடுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பிலுள்ள கரண்டை இறக்கிவிட்டு வர வேண்டும். எஃபெக்ட் மாற்றும்போதெல்லாம் எழுந்து போய்க் கை வைத்துவிட்டு வந்தான். இதில் ஒரு நன்மை என்னவென்றால், போய் வருகிற நேரம் வட்டம் சுற்றுகிற நேரத்தில் கழிந்துவிடும்.

போர்மேன் அடுத்ததாக ஒன்று சொன்னார். பட்டாசுக்கு மருந்து கலக்கிற ரூமில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாதென்று கணக்கு உண்டு. அதேபோல் ஒரு பக்கத்தில் நாலு ஜொலிக்கிற பெயருக்கு மேல் இருக்கக் கூடாது. குழு அசந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறதென்று முதல்முறையாக ஒருத்தர் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டார். ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அந்த நாலு பேர் யார் என்று பேச ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தீபாவளி வந்து போயிற்று, லோடு லாரிகள் திரும்பி வந்தன, அடுத்த வருசக் காலண்டர் வேலை தொடங்கி முடிந்தது. கடைசியில் நாலு என்பது கூட்டல் கழித்தலுக்கு உட்பட்டது என்று தீர்மானித்து எல்லாப் பெயரையும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பெயருக்கும் பெயருக்கும் பாதுகாப்பு இடைவெளி கட்டாயம் என்றார் சண்முகவேல். ஒரு ரூமில் பிடித்தால் அடுத்த ரூமுக்குப் பரவக் கூடாதில்லையா? தலைவர் பெயரில் பிடிக்கிற தீ துணைத் தலைவருக்குத் தாவினால் யார் பொறுப்பு? முனியராஜ் இடைவெளி விட்டான். காகிதம் அதே காகிதம்தான். பெயர்கள் தள்ளித் தள்ளி உட்கார, நடுவில் இருந்த பெத்தணன் ஒதுங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மார்பளவு படம் முகம் ஆயிற்று. முகம் தபால்தலை ஆயிற்று. உயிரோடு இருந்தபோதும் அவர் எதிரே லாரி வந்தால் வண்டியை மண்ணில் இறக்கி வழிவிடுகிறவர்தான்.

குழு பெருகியது. வட்டம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ண ஒரு உபகுழு. அது வலம் சுற்றுகிறதா இடம் சுற்றுகிறதா என்று பார்க்க, மாலை போட்டிருந்த ஒருத்தரைத் தனியாக நியமித்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் வரவேற்பு பேனர், போனதும் நன்றி நோட்டீஸ். எல்லாம் அதே கம்ப்யூட்டரில். ஒருநாள் முனியராஜ் துணிந்து வாயைத் திறந்தான்.

"சார், நீங்க வர்றதுக்குப் போடுற பேனரே மிஷினுக்குப் பெரிய லோடா இருக்கு. அதுலயே தாமசம் ஆகுது."

சண்முகவேல் பேனாவை மூடினார். "அதாவது, விசாரணையாலதான் தாமதம்ங்கிறீங்க."

"ஆமா சார்."

"முக்கியமான புகார். இதை விசாரிக்கத் தனிக் குழு போடணும்."

போட்டார்கள். வரவேற்பு பேனரும் போட்டார்கள்.

இதற்கிடையில் முனியராஜ் தலைப்பை மாற்றிக்கொண்டே வந்தான். பதினாறாம் நாள் போய், முப்பதாம் நாள் வந்து, அதுவும் கடந்து, கொஞ்ச நாள் தலைப்பே இல்லாமல் கிடந்தது. கடைசியில் 'முதலாமாண்டு நினைவஞ்சலி' என்று போட்டுவிட்டு மாற்றுவதை நிறுத்தினான். அது வரத்தான் செய்யும். ஆரம்பத்தில் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவான். அத்தான் அவனுக்கு முதல் செல்போன் வாங்கிக் கொடுத்தவர். பிறகு அது குறைந்தது. பிறகு பெத்தணன் என்பது ஒரு ஃபைலின் பெயர் ஆயிற்று. திறந்தால் சுற்றும், மூடினாலும் சுற்றும். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தான். வரவில்லை. வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராமுத்தாயும் முதலில் போனில் அழுதாள். பிறகு கேட்டாள். பிறகு சுருக்கிக்கொண்டாள்.

"ஆச்சா?"

"இல்லக்கா."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு.

வருசம் திரும்பி மறுபடி ஆடி வந்தது. பெத்தணன் திதிக்கு முந்தின நாள், மன்றத்தில் விசாரணை அறிக்கை வெளியீட்டு விழா வைத்தார்கள். இரண்டும் அடுத்தடுத்து வந்தது தற்செயல்தான். திதி அவர்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. அறிக்கையின் அட்டையில் பெயர்கள் மட்டுமே இருந்தன, அறிக்கை என்ற சொல்லுக்கு இடம் இல்லாததால் அது உள்ளே இருந்தது. கீழே பந்தலில் சாப்பாடு. மேலே சண்முகவேல் வாசித்தார்.

"கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது என்பது தவறான பார்வை. அது மரியாதையாக இயங்குகிறது. ஒரு பெரியவர் எதிரே வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிறோம். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் வைக்கிறோம். அப்புறம்தான் கும்பிடுகிறோம். அதற்கு நேரம் ஆகத்தானே செய்யும்? தலைவர் பெயர் வரும்போது மிஷினும் அதைத்தான் செய்கிறது. சாதாரணப் பெயருக்கு அது வேகமாக ஓடுவது மரியாதைக் குறைவு. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று இக்குழு பரிந்துரைக்கிறது."

மணிகண்டராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கினார். "என் பெயரின் பாரத்தை இந்த ஜடப்பொருள் எத்தனை வருசமாகச் சுமக்கிறது! நாம் அதற்கு ஒரு மாலை போட்டோமா?" போட்டார்கள். "இந்த நல்ல நாளில் நம் முனியராஜை மன்னிக்கிறேன். அவர் அத்தான் போஸ்டர், நம் திட்டத்தின் முதல் போஸ்டர், இப்பவே, என் கண் முன்னால் வரட்டும். அந்தம்மாவைக் கூப்பிடுங்கள்."

ராமுத்தாயை வரச்சொல்லி ஆள் போயிற்று. அவள் பஸ் பிடித்து வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். மாலை போட்ட கம்ப்யூட்டரையும் மண் வாளிகளையும் பார்த்தாள்.

முனியராஜ் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டு வந்து ஃபைலைத் திறந்தான். நிர்வாகிகள் அத்தனை பேரும் திரையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வட்டம் சுற்றியது. எந்த வரிசையில் போட்டானோ அந்த வரிசையில்தான் அது வரைந்து காட்டும். ஆகவே முதலில் தலைவர் பெயர் தங்கத்தில் எழுந்தது. ஒளிவட்டம் பிடித்தது. கடைசியாகத் தீ.

"நல்லா வந்திருக்கு" என்றார் மணிகண்டராஜ். திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். "துக்கமான விசயம்" என்று ராமுத்தாயைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட இறங்கினார்.

அடுத்துச் செயல் தலைவர் பெயர் வந்தது. செயல் தலைவர் பார்த்தார், இறங்கினார். கௌரவத் தலைவர் தன் ஒளிவட்டம் செயல் தலைவர் ஒளிவட்டத்தைவிடச் சின்னதா என்று விரலால் அளந்து பார்த்துவிட்டு இறங்கினார். துணைத் தலைவர்கள் ஒவ்வொருவராக ஜொலித்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கீழே இலை போடுகிற சத்தம் கேட்கக் கேட்க, இன்னும் பெயர் வராத இணைத் துணைகள் கால் மாற்றி நின்றார்கள். இசக்கிப்பாண்டி தன் பெயர் வந்ததும், "சதையோட இருக்கு" என்று முனியராஜ் முதுகில் தட்டிவிட்டுப் போனார். சண்முகவேல் மண் வாளியில் கையை விட்டு மண் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் கடைசியாக வெறும் உறுப்பினர்கள் அணிச் செயலாளரின் மெல்லிய விளிம்பு வந்தது. அவர் தனியாளாகக் கைதட்டிவிட்டு, பாயசம் தீர்ந்துவிடும் என்று ஓடினார்.

மேலே அக்காவும் தம்பியும்தான் பாக்கி. திரை முழுக்கப் பெயர்கள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளை. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுப் பேரும் போயிட்டாகளா?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"கீழ சாப்புடுறாக."

"அவுகவுக பேரை அவுகவுக பாத்துட்டாகள்ல?"

"பாத்துட்டாக."

"பாத்தாச்சுன்னா அப்புறம் அது எதுக்கு? எடுத்துரு."

முனியராஜ் திரும்பி அக்கா முகத்தைப் பார்த்தான். அவள் கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. சாப்பிட்ட இலையை எடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவன் திரும்பி, தலைவர் பெயரைத் தொட்டு அழித்தான். வட்டம் ரொம்ப நேரம் சுற்றியது. செயல் தலைவரை அழித்தான். அதே அளவு சுற்றவில்லை. துணைத் தலைவர்களை அழிக்க அழிக்க வட்டம் அரைச் சுற்றில் நின்றது, கால் சுற்றில் நின்றது. இணைத் துணைகளை அழிக்கும்போது வட்டமே வரவில்லை. கடைசி விளிம்பையும் அழித்து முடித்த அடுத்த கணம் பெத்தணன் வந்து நின்றார்.

ஒரு வருசமாகக் கூப்பிட்டு வராத ஆள். இமை மூடித் திறக்குமுன் வந்துவிட்டார்.

முனியராஜ் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தான். முகம் பெரிதாயிற்று, தோள் வந்தது, சட்டைப்பையில் சொருகியிருந்த பேனா வந்தது. இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தார். காகிதம் முழுக்க அவர்தான்.

"பேருக்கு ஏதாச்சும் வைக்கவாக்கா? ஒரு தங்க விளிம்பு மட்டும்?"

"வேண்டாம். அந்த மனுசன் தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டாரு."

முனியராஜ் பிரிண்ட் கொடுத்தான். அவன் எழுந்து பிரிண்டரிடம் போகுமுன்னே முதல் தாள் வெளியே கிடந்தது. ஒவ்வொன்றாக விழ விழ ராமுத்தாய் எடுத்து, மை காயட்டும் என்று தரையில் வரிசையாகப் பரப்பினாள். கீழே யாரோ மைக்கில் சாம்பாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஒட்டணும்?" என்று கேட்டான் முனியராஜ். "பசைக்கு மைதா வாங்கணுமே."

"இருக்கு. போன வருசம் வாங்கினதுல வண்டு விழுந்துருச்சு, கொட்டிட்டேன்" என்றாள் ராமுத்தாய், அடுத்த தாளுக்குக் கை நீட்டிக்கொண்டே. "இது நேத்து வாங்கினது."